ஊமையான ஸ்பீக்கர் மீண்டும் பேசுமா?

ஆடி மாதம் பிறந்துவிட்டால் சேலம், நாமக்கல் பக்கத்து மைக்செட்காரர்களுக்கு ஓய்வே கிடையாது. சேலத்தில் கோட்டை மாரியம்மன் கோயில் திருவிழா. அதையொட்டி ஊருக்கு ஊர் திருவிழா. மரக்கிளையில் புனல் வடிவ ஹாரன், பந்தலின் இரு பக்கமும் ஆளுயரப் பெட்டிகள். காலையில் கணீரென்று பாடத் தொடங்கிய பெட்டி நடுப்பகலில் சற்றுக் கம்முகிறது. குமிழைக் கொஞ்சம் திருப்புகிறார்கள். சிறிது நேரம் சரியாக இருக்கிறது. மீண்டும் கம்முகிறது; மீண்டும் திருப்புகிறார்கள். கூட்டம் கூடுகிற மாலை நேரம் பார்த்து இலேசாகக் கருகல் வாடை வருகிறது. பெட்டி ஊமையாகிவிடுகிறது.

“ஸ்பீக்கர் போய்விட்டது” என்று சொல்லிப் புதியது ஒன்றை மாட்டுகிறார்கள். அதே ஆம்ப்ளிபயர், அதே குமிழ். அடுத்த திருவிழாவுக்குள் அதுவும் போய்விடுகிறது.

உங்கள் வீட்டுப் பரணிலும் ஒருவேளை ஒரு ஜோடி பழைய ஹை-ஃபை ஒலிப்பெட்டிகள் தூசி படிந்து கிடக்கலாம். காசெட் காலத்தில் தாத்தாவோ மாமாவோ ஆசையாக வாங்கியவை. அவை யாரும் அலறவிடாமலே, சும்மா இருந்தே கெட்டுப்போனவை. பந்தல் பெட்டி இறந்த காரணம் வேறு. பரண் பெட்டி இறந்த காரணம் வேறு. எப்படி இறந்தது என்று கண்டுபிடித்த பிறகே பழுது பார்ப்பதா, மாற்றுவதா என்று முடிவு செய்ய முடியும். அதைக் கண்டுபிடிப்பதற்குப் பள்ளிப் பாடத்தில் படித்த இயற்பியலும் ஒரு டார்ச் செல்லும் பெரும்பாலும் போதும்.

உள்ளே இருப்பது என்ன?

பெட்டியிலிருந்து கழற்றிய ஸ்பீக்கரைக் கவிழ்த்துப் பாருங்கள். பின்புறம் கனமான வளையக் காந்தம். அதன் நடுவே ஓர் இரும்புத் தண்டு. தண்டைச் சுற்றி ஏறத்தாழ 1 மி.மீ. அகலத்தில் ஒரு வட்ட இடைவெளி. மெல்லிய காகிதக் குழல் அல்லது அலுமினியக் குழலின்மேல் எனாமல் பூசிய செம்புக் கம்பியைச் சுற்றி, அந்தச் சுருளை இந்த இடைவெளிக்குள் எந்தப் பக்கமும் தொடாமல் நிறுத்தியிருக்கிறார்கள். கடைக்காரர்கள் இதை வாய்ஸ் காயில் என்பார்கள். சுருளோடு ஒட்டியிருப்பது காகிதக் கூம்பு. கூம்பின் வெளி வட்டத்தை ஒரு விளிம்பு வளையம் தாங்குகிறது. கழுத்தை, மடிப்பு மடிப்பான துணித் தட்டு ஒன்று தாங்குகிறது. இந்தத் தட்டுக்கு ‘ஸ்பைடர்’ என்று பெயர். எட்டுக்கால் பூச்சிக்கும் அதற்கும் இன்று எந்த ஒற்றுமையும் இல்லை. தொடக்க காலத்தில் அது கால்கள் போன்ற பட்டைகளாக இருந்ததால் வந்த பெயர் அது.

பிளெமிங்கின் இடக்கை விதி நினைவிருக்கிறதா? காந்தப்புலத்தில் இருக்கும் கம்பியில் மின்னோட்டம் பாய்ந்தால் கம்பியின்மேல் விசை தோன்றும். இடைவெளியில் புலத்தின் வலிமை 1 டெஸ்லா, சுருளில் புலத்துக்குள் இருக்கும் கம்பியின் நீளம் 7 மீட்டர், மின்னோட்டம் 1 ஆம்பியர் என்று வைத்துக்கொள்வோம். விசை 7 நியூட்டன், அதாவது சுமார் 700 கிராம் எடை. கூம்பும் சுருளும் சேர்ந்து பெரும்பாலும் சில பத்துக் கிராம்தான். அத்தனை இலேசான பொருளை அவ்வளவு விசை முன்னும் பின்னும் தள்ளுவதால்தான் கூம்பு நொடிக்கு ஆயிரக்கணக்கான முறை அதிர முடிகிறது.

டென்மார்க்கில் பிறந்த பீட்டர் ஜென்சன் என்பவரும் எட்வின் பிரிதம் என்பவரும் இத்தகைய அசையும் சுருளைப் புனலோடு இணைத்து, 1915 டிசம்பரில் அமெரிக்காவின் சான் பிரான்சிஸ்கோ நகரில் திறந்தவெளிக் கூட்டத்தின் முன் பாட வைத்தார்கள். நம் ஊர்க் கோயில் ஹாரனின் மூதாதை அதுதான். புனல் இல்லாமல் காகிதக் கூம்பையே நேராகப் பேசவைக்கும் முறையைச் செஸ்டர் ரைஸ், எட்வர்ட் கெல்லாக் ஆகிய இரு பொறியாளர்கள் 1925-இல் வெளியிட்டார்கள். நூறு ஆண்டுகள் கடந்த பின்னும் அடிப்படை அமைப்பு மாறவில்லை. ஆகவே 1970-இல் செய்த ஸ்பீக்கரைப் பழுது பார்க்கத் தெரிந்தவருக்கு இன்றைய ஸ்பீக்கரும் புதிராக இராது.

மூன்று சின்னச் சோதனைகள்

1.5 வோல்ட் டார்ச் செல்லிலிருந்து இரண்டு கம்பிகளை எடுத்து ஸ்பீக்கரின் முனைகளில் ஒரு கணம் மட்டும் தொடுங்கள். ‘டக்’ என்ற ஒலியோடு கூம்பு அசைந்தால் சுருள் உயிரோடு இருக்கிறது. கம்பியைத் தொட்டபடியே பிடித்திருக்கக் கூடாது. சுருள் வீணாகச் சூடாகும். கூம்பு எந்தப் பக்கம் அசைந்தது என்பதையும் கவனியுங்கள். செல்லின் நேர்முனையை ஸ்பீக்கரின் நேர்முனையில் வைத்தால் கூம்பு வெளியே வருவதுதான் பொதுவான வழக்கம்.

ஓசையே இல்லை என்றால் மல்டிமீட்டரில் ஓம் அளவை வைத்து அளந்து பாருங்கள். 8 ஓம் என்று எழுதியிருக்கும் ஸ்பீக்கரில் மீட்டர் 6 அல்லது 7 காட்டும். உடனே கெட்டுவிட்டது என்று எண்ண வேண்டாம். 8 ஓம் என்பது பாட்டு ஓடும்போது, அதாவது மாறுமின்னோட்டத்துக்குச் சுருள் காட்டும் எதிர்ப்பு. மீட்டர் அளப்பது கம்பியின் மின்தடையை மட்டுமே. மீட்டர் எதுவும் காட்டவில்லை என்றால்தான் எங்கோ அறுந்திருக்கிறது என்று பொருள்.

எங்கே அறுந்தது? சுருளில் என்று முடிவு கட்டுவதற்கு முன், ஸ்பீக்கரின் முனையிலிருந்து கூம்புக்குச் செல்லும் நெளிவான இரண்டு கம்பிகளைப் பாருங்கள். கூம்போடு சேர்ந்து ஆண்டுக்கணக்கில் ஆட வேண்டியவை இவை. சாதாரணக் கம்பி என்றால் சில நாளிலேயே ஒடிந்துவிடும். ஆகவே நூல் இழைமேல் மெல்லிய செம்புப் பட்டையைச் சுற்றி, அத்தகைய இழைகளைப் பின்னிச் செய்கிறார்கள். சேலம் இளம்பிள்ளைப் பக்கம் சேலை நெய்பவர் வீட்டுப் பிள்ளைகளுக்கு இது புதிதன்று. நூல்மேல் உலோகப் பட்டையைச் சுற்றினால் அது ஜரிகைதானே! இந்த ஜரிகைக் கம்பி உள்ளே அறுந்து, மேலே நூல் மட்டும் தொங்கிக்கொண்டிருப்பது உண்டு. கூம்பை அசைத்தால் ஓசை விட்டு விட்டு வரும். ஸ்பீக்கருக்கென்றே விற்கும் பின்னல் கம்பியை அதே நீளத்துக்கு வெட்டி, இரு முனையிலும் ஈயம் வைத்துவிட்டால் வேலை முடிந்தது. நீளம் குறைந்தால் கூம்பை இழுக்கும். கூடினால் கூம்பில் பட்டுச் சலசலக்கும். இறந்துவிட்டதாகத் தூக்கிப்போட்ட ஸ்பீக்கர்களில் சில இந்த ஒரு சாண் கம்பிக்காகவே குப்பைக்குப் போகின்றன.

மூன்றாவது சோதனைக்குக் கருவியே வேண்டாம். இரு கைவிரல்களையும் கூம்பின் எதிரெதிர்ப் பக்கங்களில் வைத்து, சமமாக, மிக மெதுவாக உள்ளே தள்ளி விடுங்கள். சத்தமின்றிப் போய் வந்தால் நல்லது. சரசரவென்று உராய்ந்தால் சுருள் காந்தத்தைத் தொடுகிறது. கீழே விழுந்ததில் காந்தம் நகர்ந்திருக்கலாம்; சூட்டில் சுருள் உப்பியிருக்கலாம்; அல்லது இடைவெளிக்குள் இரும்புத் தூள் புகுந்திருக்கலாம்.

நம் பகுதியில் இந்த இரும்புத் தூளுக்குப் பஞ்சமில்லை. சேலத்தை அடுத்த கஞ்சமலையின் பாறையில் இருப்பது மேக்னடைட் என்னும் காந்த இரும்புத் தாது. அந்தப் பக்கத்து ஓடை மணலில் காந்தத்தைத் துழாவினால் கறுப்பு மணல் மீசை போல ஒட்டிக்கொண்டு வரும். நாமக்கல்லில் லாரிக்குக் கூண்டு கட்டும் பட்டறைகளிலோ தரையெல்லாம் அரத்தூள். கழற்றிய ஸ்பீக்கரை இப்படிப்பட்ட தரையில் வைத்துவிட்டு எழுந்தால் காந்தம் தன் வேலையைக் காட்டிவிடும். பழைய செய்தித்தாளை விரித்து அதன்மேல் வேலை செய்யுங்கள். தூள் ஏற்கெனவே புகுந்துவிட்டதா? ஊதிப் பயனில்லை; காந்தம் விடாது. கூம்பு கழற்றப்பட்டிருக்கும் நேரத்தில், ஒட்டு நாடா சுற்றிய மெல்லிய அட்டையை இடைவெளிக்குள் செலுத்தி வட்டமாக ஓட்டி எடுத்தால் வந்துவிடும்.

இரண்டு சால்டரிங் அயர்ன்களின் சூடு

பந்தலில் கம்மிய பெட்டிக்கு வருவோம். ஸ்பீக்கருக்குக் கொடுக்கும் மின்சாரத்தில் எவ்வளவு ஒலியாகிறது? சாதாரண ஹை-ஃபை ஸ்பீக்கரில் ஏறத்தாழ நூற்றில் ஒரு பங்கு! மீதி 99 பங்கும் சுருளில் வெப்பமாகிறது. 50 வாட் தொடர்ந்து கொடுத்தால் அரை வாட் ஒலி வருகிறது. எஞ்சியது, ஈயம் உருக்கும் 25 வாட் சால்டரிங் அயர்ன் இரண்டின் சூடு. அத்தனையும் கட்டைவிரல் பருமனுள்ள ஒரு சின்னச் சுருளுக்குள்.

செம்பு சூடானால் அதன் மின்தடை கூடும். ஒவ்வொரு டிகிரி செல்சியசுக்கும் சுமார் 0.4 சதவீதம். 30 டிகிரியில் 6 ஓம் இருந்த சுருள் 180 டிகிரியில் 9 ஓமைத் தாண்டிவிடும். தடை கூடினால் மின்னோட்டம் குறையும், மின்னோட்டம் குறைந்தால் விசை குறையும், ஒலி கம்மும். பந்தலில் நடுப்பகலில் நடந்தது இதுதான். ஆம்ப்ளிபயர் களைத்துவிட்டது என்று நினைத்துக் குமிழைத் திருப்பினார்களே, அது தாகத்தில் இருப்பவனுக்கு உப்பு நீர் கொடுத்த கதை. மின்சாரம் கூடுகிறது, சூடு ஏறுகிறது, தடை மேலும் உயர்கிறது. கடைசியில் கம்பியைக் குழலோடு பிடித்திருக்கும் பசையும் எனாமலும் கருகுகின்றன. சுற்றுகள் அவிழ்ந்து இடைவெளியில் சிக்கிக்கொள்கின்றன. ஒலி கம்மும்போது செய்ய வேண்டியது குமிழைக் குறைத்துச் சுருளை ஆறவிடுவது. இரவு 10 மணி முதல் காலை 6 மணிவரை ஒலிபெருக்கிகளுக்குக் கட்டுப்பாடு விதித்த 2000-ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகள் மனிதர்களின் தூக்கத்துக்காக எழுதப்பட்டவை. ஆனால் ஸ்பீக்கர்களும் அவற்றுக்கு நன்றி சொல்லும்.

இன்னொரு வியப்பு. பெரிய ஆம்ப்ளிபயர்தான் ஸ்பீக்கரை எரிக்கும் என்பது சரியன்று, சிறியதும் எரிக்கும். 20 வாட் ஆம்ப்ளிபயரை அதன் சக்திக்கு மேல் விரட்டினால் ஒலி அலையின் உருண்டையான முகடுகள் கத்தியால் சீவியதுபோல் தட்டையாகிவிடுகின்றன. முழுவதும் தட்டையான சதுர அலை, அதே உயரமுள்ள வளைவு அலையைப்போல் இரு மடங்கு திறனைச் சுமக்கிறது. 20 வாட் 40 வாட்டாகிறது. மேலும், அலையைச் சீவும்போது உயர் அதிர்வெண்கள் புதிதாகப் பிறக்கின்றன. அவையெல்லாம் நேராகச் சின்ன ட்வீட்டருக்குப் போகின்றன. மயிரிழைக் கம்பியில் சுற்றிய அதன் சுருள் முதலில் பலியாகிறது. ஆனால் ட்வீட்டர் ஊமையானால், அதற்கு முன்னால் இணைத்திருக்கும் கன்டென்சரையும் சோதிக்க வேண்டும். பழைய பெட்டிகளில் உள்ள எலெக்ட்ரோலிட்டிக் கன்டென்சர் காலப்போக்கில் உலர்ந்துபோவது சகஜம்.

ஹாரனின் யூனிட் இறப்பது வேறு விதம். புனலுக்குள் அடைந்திருக்கும் காற்று, யூனிட்டில் உள்ள மெல்லிய தகட்டுக்கு எதிர்ச்சுமையாக நின்று அதைக் காக்கிறது. சில நூறு ஹெர்ட்சுக்குக் கீழே போனால் புனல் அந்தச் சுமையைத் தருவதில்லை. பேச்சுக்கும் நாதஸ்வரத்துக்கும் ஒத்துப்போன யூனிட், தடதடக்கும் டிரம் ஒலியில் அளவுக்கு மீறி ஆடி விரிசல் விடுகிறது. நல்ல வேளையாக, சுருளும் தகடும் ஒன்றாகச் சேர்ந்த மாற்று உறுப்பு பல யூனிட்டுகளுக்குக் கடையில் கிடைக்கிறது. பின்மூடியைத் திருகிக் கழற்றி, இடைவெளியைத் துடைத்து, புதியதைப் பொருத்தி மூட வேண்டியதுதான். மைக்செட்காரர்களில் பலர் இதைப் பந்தலடியிலேயே செய்துவிடுவார்கள்.

விலை கூடிய விளிம்பு முதலில் உதிரும்

பரணில் கிடந்த பெட்டியின் முன்துணியைக் கழற்றினால் பல சமயம் ஒரே காட்சிதான். கூம்பு நன்றாக இருக்கிறது. சுருள் நன்றாக இருக்கிறது. சுற்றியிருந்த கறுப்பு விளிம்பு மட்டும் தொட்டால் பொடிப்பொடியாக உதிர்கிறது. இது பாலியூரிதேன் நுரை. இலேசானது, நன்றாக வளைவது, கூம்பை அதிக தூரம் ஆடவிடுவது. ஆழமான தாழ்சுருதி வேண்டும் என்பதற்காக 1970களிலும் 1980களிலும் ஹை-ஃபை கம்பெனிகள் இதை விரும்பிப் பயன்படுத்தின. ஆனால் காற்றின் ஈரமும் ஆக்சிஜனும் நுரையின் நீண்ட மூலக்கூறுகளைத் துண்டு துண்டாக்குகின்றன. வெப்பநிலை 10 டிகிரி உயர்ந்தால் பல வேதிவினைகளின் வேகம் ஏறத்தாழ இரு மடங்காகும் என்று படித்திருப்பீர்கள். கோடையில் 40 டிகிரியைத் தொடும் சேலத்தில், ஓட்டுக்கூரைக்குக் கீழே பரணில் இருந்தால் கேட்க வேண்டுமா? வேடிக்கை என்னவென்றால், பிசின் பூசிய துணியால் விளிம்பு வைத்த பழைய மைக்செட் ஸ்பீக்கர்கள் அதற்கும் முந்தைய காலத்தவை. இன்னும் உறுதியாக இருக்கின்றன.

நுரை உதிர்ந்த ஸ்பீக்கரைத் தூக்கிப் போடுவது பாவம். விளிம்பு வளையம் தனியாகக் கிடைக்கிறது. நுரைக்குப் பதில் ரப்பர் வளையமும் உண்டு. ஆயுள் அதிகம், ஆனால் கனமும் அதிகம். கூம்பின் விட்டம், சட்டத்தின் விட்டம் இரண்டையும் அளந்து வாங்க வேண்டும். பழைய நுரையையும் பசையையும் பொறுமையாகச் சுரண்டி எடுங்கள். நடுவிலுள்ள குமிழ் மூடியைப் பிளேடால் மெல்ல அறுத்தெடுத்தால் இரும்புத் தண்டும் சுருளின் குழலும் தெரியும். இரண்டுக்கும் இடையே பழைய எக்ஸ்ரே படத்தின் மெல்லிய துண்டுகளை நான்கு பக்கமும் செருகிவிட்டால் சுருள் நட்டநடுவே நின்றுகொள்ளும். பிறகு வளையத்தை முதலில் கூம்பிலும், அது காய்ந்தபின் சட்டத்திலும் ஒட்ட வேண்டும். ஒருநாள் முழுதும் உலரட்டும். துண்டுகளை உருவிவிட்டு விரல் சோதனை செய்து, உராயவில்லை என்றால் புதுக் குமிழை ஒட்டலாம். அவசரப்பட்டு ஒரு மணி நேரத்தில் எக்ஸ்ரேத் துண்டுகளை உருவியவர்கள் மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்கும்.

கூம்பில் சிறு கிழிசல் என்றால் மெல்லிய டிஷ்யூ காகிதத் துண்டும் தண்ணீர் கலந்த வெள்ளைப் பசையும் போதும். பட்டம் ஒட்டுகிற மரவள்ளிமாவுப் பசை வேண்டாம். ராசிபுரம், ஆத்தூர் பக்கம் அது எளிதாகக் கிடைக்கும் என்பது உண்மைதான். ஆனால் காய்ந்தால் விறைத்து வெடிக்கும், மழைக்காலத்தில் ஈரம் இழுக்கும், கரப்பானுக்கு விருந்தாகும்.

சுருளே எரிந்திருந்தால் கூம்பு, சுருள், ஸ்பைடர் மூன்றையும் நீக்கிப் புதியவை வைக்கும் ‘ரீகோனிங்’ செய்ய வேண்டும். இதைக் கைதேர்ந்தவரிடம் விடுவது நல்லது. ஆனால் எரிந்த சுருளைத் தூக்கி எறிந்துவிடாதீர்கள். குழலின் விட்டம், சுற்றின் உயரம், எத்தனை அடுக்கு, கம்பியின் பருமன் எல்லாம் அதில்தான் எழுதியிருக்கின்றன. காந்தத்தை மட்டும் யாரும் பிரிக்கக் கூடாது. பழைய ஸ்பீக்கர்களில் ஆல்நிகோ என்னும் கலப்பு உலோகக் காந்தம் இருக்கும்; அதை இரும்புச் சட்டத்திலிருந்து கழற்றினாலே வலிமையில் ஒரு பகுதியை இழந்துவிடும். அதிலுள்ள கோபால்ட் விலையுயர்ந்த உலோகம். 1978-இல் ஆப்பிரிக்காவின் ஜயர் நாட்டில், அதாவது இன்றைய காங்கோ ஜனநாயகக் குடியரசில், கோபால்ட் சுரங்கப் பகுதியில் போர் மூண்டதும் விலை தாறுமாறாக ஏறியது. ஆல்நிகோவை நம்பியிருந்த பல ஸ்பீக்கர் கம்பெனிகள் இரும்பு ஆக்சைடிலிருந்து செய்யும் ஃபெரைட் காந்தத்துக்கு மாறின. உங்கள் ஸ்பீக்கரின் பின்னால் கன்னங்கரேலென்று தட்டையான வளையம் இருந்தால் அது ஃபெரைட்.

வேறு ஸ்பீக்கரை மாட்டுவதானால்

உறுப்புகள் கிடைக்காதபோது வேறு ஸ்பீக்கர்தான் வழி. “எட்டு அங்குலம் போயிற்று, எட்டு அங்குலம் கொடுங்கள்” என்று கடையில் கேட்பது செருப்பின் அளவைச் சொல்லிச் சட்டை வாங்குவது போல. முதலில் ஓம். லாரியிலும் காரிலும் வைக்கும் ஸ்பீக்கர்கள் பெரும்பாலும் 4 ஓம். 8 ஓம் இருந்த இடத்தில் அதை மாட்டினால் ஆம்ப்ளிபயர் ஏறத்தாழ இரு மடங்கு மின்னோட்டம் தர வேண்டியிருக்கும். பழைய ஆம்ப்ளிபயரின் டிரான்சிஸ்டர்கள் எரிந்துபோகலாம். ஸ்பீக்கரைப் பிழைக்க வைக்கப்போய் ஆம்ப்ளிபயரையும் பறிகொடுப்பானேன்? அடுத்து உணர்திறன். 1 வாட் கொடுத்து 1 மீட்டர் தொலைவில் எத்தனை டெசிபல் என்று குறித்திருப்பார்கள். 3 டெசிபல் குறைந்த ஸ்பீக்கர் அதே ஒலியைத் தர இரு மடங்கு வாட் வேண்டும். ஒரு பக்கம் 90, மறுபக்கம் 87 என்றால் பாட்டு ஒரு பக்கமாகவே சாய்ந்து கேட்கும். ஆகவே மாற்றினால் ஜோடியாக மாற்ற வேண்டும்.

எல்லாவற்றையும்விட நுட்பமானது ஒத்ததிர்வு எண். ஒவ்வொரு கூம்புக்கும் தானாக ஆட விரும்பும் ஓர் அதிர்வெண் உண்டு. பெட்டியின் கன அளவை அதற்கேற்பவே அமைக்கிறார்கள். இந்தக் கணக்கை ஆஸ்திரேலியாவில் நெவில் தீல் 1961-இல் தொடங்கிவைத்தார். ரிச்சர்ட் ஸ்மால் 1970களின் தொடக்கத்தில் விரிவாக்கினார். இன்றும் ஸ்பீக்கர் விவரத்தாளில் காணும் எண்களுக்கு இவ்விருவர் பெயரே வழங்குகிறது. ஹை-ஃபை பெட்டிக்குரிய வூஃபர் 30 அல்லது 40 ஹெர்ட்சில் ஒத்ததிரும். விறைப்பான கூம்புள்ள மைக்செட் ஸ்பீக்கர் அதைவிட உயர்ந்த எண்ணில் ஒத்ததிரும். பின்னதை முன்னதன் பெட்டியில் வைத்தால் சத்தம் வரும். மிருதங்கத்தின் தொப்பி மட்டும் காணாமல் போய்விடும்.

இந்த எண்ணை நீங்களே அளக்கலாம். ஸ்பீக்கரைப் பெட்டியிலிருந்து வெளியே எடுத்து, அதோடு 100 ஓம் மின்தடை ஒன்றைத் தொடராக இணைத்து, ஆம்ப்ளிபயரில் மிகக் குறைந்த ஒலியில் வையுங்கள். கைப்பேசியில் அதிர்வெண் எழுப்பும் செயலியைத் திறந்து 20 ஹெர்ட்சிலிருந்து மெல்ல மேலே கொண்டுசெல்லுங்கள். ஸ்பீக்கரின் இரு முனைகளுக்கு இடையே மாறுமின் வோல்ட் அளவில் மீட்டர் இருக்கட்டும். ஓர் இடத்தில் மீட்டர் உச்சத்துக்கு ஏறி, தாண்டினால் இறங்கும். அந்த உச்சம்தான் ஒத்ததிர்வு எண். பழைய ஜோடியில் ஒன்று நல்ல நிலையில் இருந்தால் அதை அளந்து குறித்துக்கொண்டு கடைக்குப் போங்கள்.

மாட்டியாகிவிட்டதா? இரண்டு பெட்டிகளையும் முகத்தோடு முகம் நெருக்கி வைத்து ஒரே பாட்டை இரண்டிலும் ஓடவிடுங்கள். தாழ்சுருதி திடீரென்று மெலிந்து கேட்டால் ஒன்றின் கூம்பு முன்னே வரும்போது மற்றது பின்னே போகிறது. ஆம்ப்ளிபயரை அணைத்துவிட்டு ஏதாவது ஒரு பெட்டியின் இரு கம்பிகளை மட்டும் இடம் மாற்றுங்கள்.